உயில் எழுதுவதற்கு வயது உண்டா?



நம் கத்தோலிக்கக் குடும்பங்கள் பலவற்றில் ஒரு தகரப் பெட்டியோ, பீரோவில் பூட்டி வைத்த ஓர் அறையோ இருக்கும். அதில் திருமுழுக்குச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியல், வீட்டுப் பத்திரம், பட்டா, காப்பீட்டுப் பத்திரம் எல்லாம் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். ஆனால் பெரும்பாலான வீடுகளில் அந்தப் பெட்டிக்குள் இல்லாத ஒரு தாள் உண்டு. அதுதான் உயில்.

"உயில் எழுதிவிட்டீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். "எனக்கு இன்னும் அந்த வயதாகவில்லை சாமி" என்பார் ஒருவர். "எழுதி வைக்கும் அளவுக்கு எங்களிடம் என்ன இருக்கிறது?" என்பார் மற்றொருவர். "நல்லா இருக்கும்போது சாவைப் பற்றி ஏன் பேச வேண்டும்?" என்பவர்களும் உண்டு. "நாமினி போட்டிருக்கிறேன், அது போதும்" என்பவர்களும் உண்டு. இந்த நான்கு பதில்களும் நம் மக்கள் நல்ல மனதோடு சொல்பவைதாம். ஆனால் நான்குமே சரியானவை அல்ல. 18 வயது நிறைந்த ஒவ்வொரு கிறிஸ்தவரும் உயில் எழுதுவது நல்லது. குடும்பப் பொறுப்பு உள்ளவருக்கு அது அன்பின் கடமை என்பதை இக்கட்டுரையில் சிந்திப்போம்.

பங்குப் பணியில் இருக்கும் எந்தக் குருவும் அறிந்த ஒரு வேதனை உண்டு. அடக்கச் சடங்கில் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து அழுத அண்ணன் தம்பிகள், முப்பதாம் நாள் திருப்பலி முடிந்ததும் பங்கைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள். ஆண்டு நினைவு நாள் வரும்போது ஒரே தந்தைக்கு இரண்டு திருப்பலிகள் கேட்கப்படும். காலைத் திருப்பலி மூத்தவர் குடும்பத்துக்கு, மாலைத் திருப்பலி இளையவர் குடும்பத்துக்கு. பீடத்தில் வாசிக்கப்படும் பெயர் ஒன்றுதான். ஆனால் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றக்கூட அவர்கள் ஒன்றாக வருவதில்லை. பல குடும்பங்களில் இந்தப் பிளவுக்குக் காரணம் பேராசை மட்டுமன்று. இறந்தவரின் விருப்பம் என்ன என்பது யாருக்கும் தெரியாமல் போனதே முதல் காரணம். "அப்பா எனக்குத்தான் தருவதாகச் சொன்னார்" என்று இருவரும் சொல்வார்கள். இருவரும் உண்மையே பேசலாம். ஆனால் கேட்பதற்கு அப்பா இல்லை.

ஏற்பாடு என்ற சொல்

நம் திருவிவிலியத்தைப் பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு என்று அழைக்கிறோம். புதிய ஏற்பாடு எழுதப்பட்ட கிரேக்க மொழியில் உடன்படிக்கைக்கும் விருப்ப ஆவணத்துக்கும் ஒரே சொல்தான். எபிரேயருக்கு எழுதப்பட்ட திருமுகம் இதைப் பயன்படுத்தித்தான் ஒரு விளக்கம் தருகிறது. விருப்ப ஆவணம் அதை எழுதியவரின் சாவுக்குப் பின்பே நடைமுறைக்கு வருகிறது. அதுபோல் கிறிஸ்துவின் சாவினால் நாம் உரிமைப் பேற்றை அடைகிறோம் என்பது அதன் கருத்து (எபி 9:15-17). ஒவ்வொரு திருப்பலியிலும் நாம் கொண்டாடும் உடன்படிக்கையே, தம்மவருக்காக ஒருவர் சாவதற்கு முன் செய்து வைத்த ஏற்பாடுதான். அப்படியிருக்க, சொந்தக் குடும்பத்துக்கு ஓர் ஏற்பாடு செய்து வைப்பதை அபசகுனமாகக் கருதுவது நம் விசுவாசத்துக்குப் பொருந்துமா?

வயதைப் பற்றியும் திருவிவிலியம் பேசுகிறது. நோயுற்ற எசேக்கியா அரசரிடம் இறைவாக்கினர் எசாயா வந்து, சாவு நெருங்கியதால் வீட்டுக் காரியங்களை ஒழுங்குபடுத்துமாறு சொன்னார் (2 அர 20:1). எசேக்கியா முதியவர் என்றே நாம் எண்ணிக்கொள்கிறோம். கணக்குப் பாருங்கள். 25 வயதில் அரசரானார், மொத்தம் 29 ஆண்டுகள் ஆட்சி செய்தார் (2 அர 18:2). அவருடைய மன்றாட்டைக் கேட்டு ஆண்டவர் 15 ஆண்டுகளைக் கூட்டிக் கொடுத்தார் (2 அர 20:6). அப்படியானால் எசாயா அவரிடம் வந்தபோது அவருக்கு வயது 39. இன்று நம் பங்கில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருக்கும் ஒரு தந்தையின் வயது அது.

நம் ஆண்டவரையும் பாருங்கள். சிலுவையில் தொங்கியபோது அவருக்கு வீடு இல்லை, நிலம் இல்லை. இருந்த உடைகளையும் படைவீரர்கள் பங்கிட்டுக்கொண்டார்கள். அங்கிக்குச் சீட்டுப் போட்டார்கள். ஆயினும் அவர் செய்ய வேண்டிய ஓர் ஏற்பாடு மீதி இருந்தது. தம் தாயை அன்புச் சீடரிடம் ஒப்படைத்தார்; சீடரும் அவரைத் தம் வீட்டில் ஏற்றுக்கொண்டார் (யோவா 19:25-27). சொத்து இல்லாதவரும் ஏற்பாடு செய்ய வேண்டும், ஏனென்றால் அவரை நம்பி மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டுமா?

திருச்சபையின் சட்டமும் இதே வழியில் செல்கிறது. துறவற சபைகளில் நித்திய வார்த்தைப்பாடு கொடுப்பவர்கள், அதற்கு முன்பாகவே நாட்டுச் சட்டப்படியும் செல்லக்கூடிய ஓர் உயிலை எழுத வேண்டும் என்று 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு கூறுகிறது (எண் 668). இருபதுகளின் இறுதியில் இருக்கும் ஓர் இளம் அருட்சகோதரி, தமக்கென்று பெரிதாக எதுவும் இல்லாதபோதும், உயில் எழுதிக் கையொப்பமிட்டுவிட்டே பீடத்தின் முன் முழந்தாளிடுகிறார். இரண்டு பிள்ளைகளும் வீட்டுக் கடனும் உள்ள இல்லறத்தார் அதைத் தள்ளிப்போடலாமா?

உயில் இல்லாவிட்டால் என்ன நடக்கும்?

உயில் எழுதாமல் இறப்பவரின் சொத்து அனாதையாகிவிடுவதில்லை. அதை யாருக்கு எப்படிக் கொடுப்பது என்று சட்டம் தீர்மானிக்கும். இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு இதற்கான சட்டம் 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். நமக்குத் தெரிந்த இந்துக் குடும்பங்களில் நடப்பதைப் பார்த்து நமக்கும் அப்படியே என்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. நம் சட்டம் வேறு. சில எடுத்துக்காட்டுகளைப் பார்ப்போம்.

முதலாவது, மனைவியையும் பிள்ளைகளையும் விட்டு ஒருவர் இறந்தால், மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு; மீதி மூன்றில் இரண்டு பங்கு பிள்ளைகளுக்குச் சமமாகப் போகும். மகன் மகள் என்ற வேறுபாடு இல்லை. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பிள்ளைகள் 6 வயதிலும் 3 வயதிலும் இருந்தால்? கணவர் பெயரில் இருந்த வீட்டில் பெரும் பங்கு சிறுவர்களுடையதாகிவிடுகிறது. கடனை அடைக்கவோ படிப்புச் செலவுக்கோ அந்த வீட்டை விற்க நினைத்தால், சிறுவர்களின் பங்குக்காக அந்தத் தாய் நீதிமன்ற அனுமதியை நாட வேண்டியிருக்கும்.

இரண்டாவது, பிள்ளைகள் இல்லாத இளம் தம்பதியர். கணவர் இறந்துவிட்டார். கணவரின் சொத்து முழுவதும் மனைவிக்கே வரும் என்று நாம் நினைப்போம். சட்டப்படி அவருக்குப் பாதிதான். மறுபாதி கணவரின் தந்தைக்குச் செல்லும். தந்தை உயிரோடு இல்லையென்றால் தாய்க்கும் உடன்பிறந்தவர்களுக்கும் சமமாகச் செல்லும். இருவரும் வேலை செய்து மாதத் தவணை கட்டிய அடுக்குமாடி வீடாக இருந்தாலும், பத்திரம் கணவர் ஒருவர் பெயரில் இருந்தால் இதுதான் நிலை. மனைவி முதலில் இறந்தால் கணவருக்கும் இதே விதிதான்.

மூன்றாவது, திருமணம் ஆகாதவர். வெளிநாட்டில் செவிலியராகப் பணிபுரியும் ஒரு மகளை எண்ணிக்கொள்ளுங்கள். தாயைக் காப்பாற்றுவதற்காகத்தான் அவர் கடல் கடந்து போனார். சேமிப்பையும் ஊரில் ஒரு மனையையும் வைத்திருக்கிறார். அவர் உயில் இன்றி இறந்தால், தந்தை உயிரோடு இருக்கும்வரை அனைத்தும் தந்தைக்கே போகும். தாய்க்கு ஒன்றும் இல்லை. அந்தத் தந்தை குடும்பத்தைக் கைவிட்டுப் போய்ப் பல ஆண்டுகள் ஆகியிருந்தாலும் இதுதான் சட்டம். ஒரே ஒரு தாளில் அந்த மகள் தன் விருப்பத்தை எழுதியிருந்தால் அந்தத் தாய் காப்பாற்றப்பட்டிருப்பார்.

நான்காவது, வளர்ப்புப் பிள்ளைகள். சட்டப்படி தத்தெடுக்காமல், உறவினரின் பிள்ளையைத் தம் பிள்ளையாகவே வளர்த்தவர்கள் நம் பங்குகளில் பலர் உண்டு. அன்பு எவ்வளவு இருந்தாலும், உயில் இல்லாவிட்டால் அப்பிள்ளைக்கு மகன் அல்லது மகள் என்ற முறையில் பங்கு கிடைக்காது.

இந்த நான்கு எடுத்துக்காட்டுகளிலும் முதியவர் யாரும் இல்லை என்பதைக் கவனியுங்கள். உயில் இல்லாததால் அதிகம் துன்புறுவது இளம் வயதில் இறப்பவரின் குடும்பமே. வயதானவரின் பிள்ளைகள் தங்கள் காலில் நிற்பார்கள். இளையவரின் பிள்ளைகள் இன்னும் நடக்கவே கற்றிருக்க மாட்டார்கள்.

நாமினி போதாதா?

வங்கியில், அஞ்சலகத்தில், காப்பீட்டில் நாமினியின் பெயரைக் கொடுப்பது அவசியம். 2025 நவம்பர் முதல் வங்கி வைப்புகளுக்கு நான்கு பேர் வரை நாமினியாகக் குறிப்பிடலாம். ஆனால் நாமினி என்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் கை. அந்தப் பணம் யாருக்கு உரியது என்பதை உயில் அல்லது வாரிசுரிமைச் சட்டமே பொதுவாகத் தீர்மானிக்கும். பங்குச்சந்தை முதலீடுகளுக்கும் இதுவே பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் தெளிவுபடுத்தியது. ஆயுள் காப்பீட்டில் மட்டும், பெற்றோர், வாழ்க்கைத்துணை, பிள்ளைகள் ஆகியோரை நாமினியாகக் குறித்திருந்தால் அத்தொகை அவர்களுக்கே உரியதாகும் வகையில் 2015இல் சட்டம் திருத்தப்பட்டது. ஆகவே நாமினியும் வேண்டும், உயிலும் வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண்படாமல் இருக்க வேண்டும்.

தாசில்தார் வழங்கும் வாரிசுச் சான்றிதழைப் பற்றியும் ஒரு சொல். அது வாரிசுகள் யார் யார் என்று பட்டியலிடுகிறதே தவிர, யாருக்கு எவ்வளவு பங்கு என்பதைத் தீர்மானிப்பதில்லை.

எப்படி எழுதுவது?

உயில் எழுதுவது நம் மக்கள் எண்ணுவது போல் கடினமானதன்று. 18 வயது நிறைந்த, தெளிந்த மனநிலையுள்ள எவரும் எழுதலாம். பெண்கள் தங்கள் சொந்தச் சொத்தைக் குறித்து யாருடைய அனுமதியும் இன்றி எழுதலாம். பார்வையற்றோரும் காது கேளாதோரும், தாங்கள் செய்வது இன்னது என்று அறிந்திருந்தால் எழுதலாம். முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும். தமிழிலேயே எழுதலாம். சட்டச் சொற்கள் வேண்டியதில்லை. உங்கள் எண்ணம் தெளிவாகப் புரிந்தால் போதும். இருப்பினும் பின்வருவனவற்றில் கவனம் தேவை.

1. நீங்கள் கையொப்பமிடுவதைக் குறைந்தது இரண்டு சாட்சிகள் பார்க்க வேண்டும். அவர்களும் உங்கள் முன்னிலையில் கையொப்பமிட வேண்டும். பின்னாளில் வழக்கு வந்தால் சாட்சிகளில் ஒருவராவது நீதிமன்றத்தில் வந்து சொல்ல வேண்டியிருக்கும். ஆகவே உங்களைவிட இளையவர்களைச் சாட்சிகளாகத் தேர்ந்துகொள்ளுங்கள்.

2. உயிலால் பயன்பெறுபவரோ அவருடைய கணவரோ மனைவியோ சாட்சியாக இருக்கக் கூடாது. மகளுக்குப் பங்கு எழுதிவிட்டு மருமகனைச் சாட்சியாகக் கையொப்பமிடச் செய்தால், உயில் செல்லும். ஆனால் மகளுக்கு எழுதிய பங்கு செல்லாமல் போகும். நம் வீடுகளில் எளிதில் நடந்துவிடக்கூடிய பிழை இது.

3. திருமணத்துக்கு முன் எழுதிய உயில், கிறிஸ்தவர்களைப் பொறுத்தவரை, திருமணம் செய்துகொண்டதும் தானாகவே செல்லாததாகிவிடும். ஆகவே புதுமணத் தம்பதியர் புதிதாக எழுத வேண்டும். திருமணத் தயாரிப்பு வகுப்புகளில் இதையும் சொல்லித் தருவது நல்லது.

4. கணவன் மனைவி இருவரும் தனித்தனியே எழுதுங்கள். கூட்டாக வாங்கிய வீட்டில் உங்கள் பாகத்தை மட்டுமே நீங்கள் எழுத முடியும்.

5. உயிலை நிறைவேற்ற நம்பிக்கைக்குரிய ஒருவரைப் பெயர் குறித்து நியமியுங்கள். சிறுபிள்ளைகள் இருந்தால், அவர்களை வளர்க்கப்போகும் பாதுகாவலர் யார் என்பதை இருவரும் பேசி முடிவு செய்யுங்கள். தந்தை தம் உயிலிலேயே பாதுகாவலரை நியமிக்கலாம் என்று 1925ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. இருவரும் ஒரே விபத்தில் இறக்க நேர்ந்தால், பிள்ளைகளுக்காகப் பாட்டிமார் இருவரும் நீதிமன்றத்துக்கு அலையும் நிலை வராதிருக்க இது உதவும்.

6. உடல் ஊனமோ மனவளர்ச்சிக் குறைவோ உள்ள பிள்ளை இருந்தால், அவரைப் பராமரிக்கும் பொறுப்பை யார் ஏற்பது, அதற்கான பணம் எங்கிருந்து வரும் என்பதை வழக்குரைஞரின் துணையோடு விரிவாக எழுதுங்கள்.

7. உயிலைப் பதிவு செய்வது கட்டாயமன்று. ஆயினும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தால் பின்னாளில் ஐயம் எழுவது குறையும். முத்திரையிட்ட உறையில் வைத்து மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கவும் வழி உண்டு. கிறிஸ்தவர்களின் உயில்களுக்கு நீதிமன்ற மெய்ப்பிதழ், அதாவது புரபேட், பெற்றே தீர வேண்டும் என்ற கட்டாயம் 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நீங்கிவிட்டது.

8. உயில் எங்கே இருக்கிறது என்பதைக் குறைந்தது ஒருவரிடமாவது சொல்லி வையுங்கள். அதனுடன் வங்கிக் கணக்குகள், காப்பீடுகள், முதலீடுகள், கொடுக்க வேண்டிய கடன்கள் ஆகியவற்றின் பட்டியலையும் வையுங்கள். இன்றைய இளைஞர்களின் சேமிப்பெல்லாம் கைப்பேசிக்குள் இருக்கிறது. குடும்பத்தார் அறியாமல் 10 ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடக்கும் வங்கி வைப்புகள் ரிசர்வ் வங்கியின் நிதிக்கு மாற்றப்பட்டுவிடுகின்றன. பிறகும் கேட்டுப் பெறலாம் என்றாலும், இருப்பதே தெரியாதவர் எப்படிக் கேட்பார்?

உயிலை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். இறுதியாக எழுதியதே செல்லும். குழந்தை பிறக்கும்போதும், வீடு வாங்கும்போதும், குடும்பத்தில் ஒருவர் இறக்கும்போதும் எடுத்துப் படித்துப் பாருங்கள். சிக்கலான சொத்துகள் இருந்தால் வழக்குரைஞரைக் கண்டு பேசுங்கள்.

இருக்கும்போதே எழுதிக் கொடுத்துவிடலாமா?

சில பெற்றோர் உயிலுக்குப் பதிலாக, வீட்டைத் தான செட்டில்மென்ட் பத்திரமாகப் பிள்ளைக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. செட்டில்மென்ட் பதிவானதும் சொத்து கைமாறிவிடும். நினைத்தபோது திரும்பப் பெற முடியாது. உயிலோ உங்கள் சாவுக்குப் பின்பே நடைமுறைக்கு வரும். உயிரோடு இருக்கும்வரை வீடு உங்களுடையதே. சீராக்கின் ஞானநூல் இதைப் பற்றி வெளிப்படையாகவே எச்சரிக்கிறது. உயிரோடு இருக்கும்வரை மகனுக்கோ மனைவிக்கோ உடன்பிறந்தவருக்கோ உன்மீது அதிகாரம் கொடுக்காதே. நீ பிள்ளைகளின் கையை எதிர்பார்ப்பதைவிட அவர்கள் உன் கையை எதிர்பார்ப்பதே மேல். வாழ்நாள் முடியும் வேளையில் சொத்தைப் பகிர்ந்துகொடு என்பதே அதன் அறிவுரை (சீஞா 33). பராமரிப்பதாக நிபந்தனை எழுதி வாங்கிய பிள்ளை பராமரிக்கத் தவறினால், 2007ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டத்தின்படி வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தை அணுகி அப்பத்திரத்தை ரத்து செய்யக் கோரலாம். ஆனால் தள்ளாத வயதில் பெற்ற பிள்ளைமீது மனு கொடுக்கும் துயரம் யாருக்கும் வேண்டாம்.

நீதியோடு எழுதுங்கள்

கிறிஸ்தவர்களின் சட்டத்தில் ஒரு முக்கியமான உண்மை உண்டு. ஒருவர் தம் சொத்தை உயில் வழியாக யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். பிள்ளைகளுக்குக் கட்டாயப் பங்கு என்று எதுவும் இல்லை. தந்தைக்குப் பாட்டனார் வழியாக வந்த சொத்தும் தந்தையுடையதே. மகனுக்குப் பிறப்பினால் அதில் உரிமை இல்லை. சட்டம் இவ்வளவு சுதந்திரம் தருவதால், மனச்சான்றின் பொறுப்பு அதிகமாகிறது. உயில் கோபத்தைத் தீர்த்துக்கொள்ளும் கருவியாகிவிடக் கூடாது. வேறு சாதியில் திருமணம் செய்தான் என்பதற்காக ஒரு மகனை ஒதுக்குவதும், அடிக்கடி வந்து பார்க்கவில்லை என்பதற்காக ஒரு மகளைத் தண்டிப்பதும் கிறிஸ்தவ உயிலுக்கு அழகல்ல. கூடுதல் தேவையுள்ள பிள்ளைக்குக் கூடுதலாக எழுதலாம். அப்போது அதற்கான காரணத்தையும் அன்போடு இரண்டு வரி எழுதி வையுங்கள். பங்கு குறைந்தவர் மனம் ஆறுவதற்கு அந்த இரண்டு வரிகளே உதவும்.

பெண் பிள்ளைகளைப் பற்றி இங்கே குறிப்பிட வேண்டும். "நகை போட்டு, சீர் செய்து அனுப்பிவிட்டோம்; இனி என்ன?" என்று கேட்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. செலொபுகாதின் புதல்வியர் ஐவர் மோசேயின் முன் நின்று தந்தையின் உரிமைச் சொத்தில் பங்கு கேட்டபோது, அவர்கள் கேட்பது சரியே என்று ஆண்டவர் சொன்னார் (எண் 27:1-8). நம் காலத்திலும் ஒரு கிறிஸ்தவப் பெண் இதற்காகப் போராட வேண்டியிருந்தது. 1916ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டம், மகனுடைய பங்கில் நான்கில் ஒன்று அல்லது 5000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அதையே மகளுக்குக் கொடுத்தது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டமும் அன்று திருவிதாங்கூரில்தான் இருந்தது. கேரளத்தின் மேரி ராய் தொடுத்த வழக்கில், அங்கும் 1925ஆம் ஆண்டுச் சட்டமே 1951 முதல் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 1986இல் தீர்ப்பளித்தது. நீதிமன்றம் கொடுத்த சம உரிமையை நாம் உயில் எழுதிப் பறித்துவிடக் கூடாது.

கடன்களையும் மறக்காதீர்கள். இறந்தவரின் கடன்களை அடைத்த பின்பே பங்குகள் கொடுக்கப்பட வேண்டும் என்பது சட்டம். எழுத்தில் இல்லாத கைமாற்றையும், வேலையாளுக்குத் தர வேண்டிய கூலியையும் நீங்கள் எழுதி வைத்தால்தான் பிள்ளைகளுக்குத் தெரியும். திருப்பிக் கொடுக்க வேண்டியதைத் திருப்பிக் கொடுப்பது நல்ல மரணத்துக்கான தயாரிப்பின் ஒரு பகுதி.

கோவிலுக்கும் ஏழைகளுக்கும்

உயிலில் ஒரு பகுதியைத் திருச்சபைக்கோ ஏழைகளுக்கோ எழுதும் நல்ல வழக்கம் நம் முன்னோரிடம் இருந்தது. நம் பழைய ஆலயங்கள், பள்ளிகள் பலவும் அத்தகைய கொடைகளால் வளர்ந்தவை. ஆனால் நெடுங்காலம் கிறிஸ்தவர்களுக்கு இதில் ஒரு தடை இருந்தது. நெருங்கிய உறவினர் உள்ளவர், சமய அல்லது அறப் பணிகளுக்கு எழுதும் உயில், சாவுக்கு 12 மாதங்களுக்கு முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும் என்று 1925ஆம் ஆண்டுச் சட்டத்தின் 118ஆம் பிரிவு விதித்திருந்தது. இதை எதிர்த்துக் கேரளத்தின் கத்தோலிக்கக் குரு ஜான் வல்லமற்றம் வழக்குத் தொடுத்தார். 2003 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அப்பிரிவு அரசமைப்புக்கு முரணானது என்று நீக்கியது. ஆகவே இன்று அந்தத் தடை இல்லை.

இருந்தாலும் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். மனைவியையும் பிள்ளைகளையும் தவிக்க விட்டுவிட்டுக் கோவிலுக்கு எழுதுவதை ஆண்டவர் விரும்புவதில்லை. பெற்றோருக்குரியதைக் கடவுளுக்குக் காணிக்கை என்று சொல்லித் தட்டிக்கழித்தவர்களை அவர் கண்டித்தார் (மாற் 7:9-13). வற்புறுத்தலால் எழுதப்பட்ட உயில் சட்டப்படியும் செல்லாது. பங்குக்கு ஏதேனும் எழுத விரும்பினால், சட்ட முறைகளைச் சரியாகக் கடைப்பிடித்து எழுதுங்கள். திருச்சபைச் சட்டமும் அதையே கேட்கிறது (எண் 1299). அத்தகைய உயிலுக்குப் பங்குத்தந்தையைச் சாட்சியாக அழைக்காமல் இருப்பதே யாருக்கும் ஐயம் வராமல் காக்கும்.

மனதின் உயில்

சொத்தை மட்டும் எழுதினால் உயில் நிறைவு பெறாது. புனித திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், பொறுப்பேற்று ஐந்து மாதங்கள் நிறைவதற்குள், 1979 மார்ச்சில், தம் 58ஆம் வயதில் ஆன்மிக உயிலை எழுதத் தொடங்கினார். பின்னர் தவக்காலத் தியானங்களின்போது அதை எடுத்துப் படித்து, 2000ஆம் ஆண்டு வரை சேர்த்து எழுதினார். விட்டுச்செல்லத் தம்மிடம் சொத்து இல்லை என்று அதில் குறிப்பிட்டார். நன்றியும் மன்னிப்பும் அதில் இடம்பெற்றன. திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் தம் ஆன்மிக உயிலை 2006 ஆகஸ்டில் எழுதினார். அவர் இறந்தது 2022 டிசம்பரில். உயில் எழுதினால் சாவு சீக்கிரம் வரும் என்று அஞ்சுவோர் இதைக் கவனிக்கலாம். திருத்தந்தை பிரான்சிஸ் 2022 ஜூனில் எழுதிய உயிலில், புனித மரியா பெருங்கோவிலில், மண்ணில், எளிய கல்லறையில் அடக்கம் செய்யுமாறு கேட்டிருந்தார். 2025 ஏப்ரலில் அவர் இறந்தபோது அவ்வாறே செய்தார்கள். எங்கே அடக்கம் செய்வது என்று யாரும் தடுமாற வேண்டியிருக்கவில்லை.

நீங்களும் உங்கள் உயிலோடு ஒரு கடிதத்தை எழுதி வையுங்கள். யாருக்கு நன்றி சொல்ல வேண்டும், யாரை மன்னித்தீர்கள், யாரிடம் மன்னிப்புக் கேட்கிறீர்கள், உங்கள் ஆன்மா இளைப்பாற்றிக்காக எத்தனை திருப்பலிகள் ஒப்புக்கொடுக்க விரும்புகிறீர்கள் என்று எழுதுங்கள். அடக்கம் பற்றிய விருப்பத்தையும் கண்தானம் பற்றிய விருப்பத்தையும் மட்டும் குடும்பத்தாரிடம் இப்போதே வாயால் சொல்லிவிடுங்கள். ஏனென்றால் பெரும்பாலும் எல்லாம் முடிந்த பிறகே உயில் திறக்கப்படும்.

தன் சகோதரன் சொத்தைப் பங்கிட்டுத் தருமாறு சொல்லும்படி ஒருவர் ஆண்டவரிடம் கேட்டபோது, அவர் பாகம் பிரிக்கும் நடுவராக இருக்க மறுத்துவிட்டார். எல்லாவகைப் பேராசையைக் குறித்தும் எச்சரித்துவிட்டு, அன்றிரவே உயிர் எடுக்கப்படவிருந்த செல்வனின் உவமையைச் சொன்னார். அவன் சேர்த்து வைத்தவை யாருடையவை ஆகும் என்ற கேள்வியோடு அந்த உவமை நிற்கிறது (லூக் 12:13-21). அந்த மனிதனிடம் களஞ்சியம் கட்டுவதற்குத் திட்டம் இருந்தது. இந்தக் கேள்விக்கு மட்டும் பதில் இல்லை.

அன்பார்ந்தவர்களே, நம்மிடம் அந்தக் கேள்வி கேட்கப்படும்போது நாம் பதில் வைத்திருப்போம். அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்து வீடு திரும்பியதும், கணவன் மனைவி இருவரும் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசுங்கள். நமக்கு என்ன இருக்கிறது, என்ன கடன் இருக்கிறது, நம்மை நம்பி யார் யார் இருக்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். மூன்றாவது பட்டியலே முதன்மையானது, உயில் அவர்களுக்காகத்தான். அன்பியக் கூட்டங்களிலும் இதைப் பற்றிக் கலந்து பேசுங்கள். திருமணமாகாத இளையோரே, உங்களை வளர்த்த தாயை நினைத்து நீங்களும் எழுதுங்கள்.

தம் வளர்ப்பு மகனும் துணைவியும் அருகிலிருக்க இறந்தார் என்று நாம் போற்றும், நன்மரணத்தின் பாதுகாவலராம் புனித சூசையப்பர் நம் குடும்பங்களுக்காகப் பரிந்து பேசுவாராக. நாம் போன பிறகும் நம் பிள்ளைகள் ஒரே திருப்பலியில், ஒரே இருக்கையில் அமர்ந்து நமக்காக வேண்டிக்கொள்ளும் வரத்தை இறைவன் நமக்கு அருள்வாராக. ஆமென்.